கிஸ்வாவில் முதல் இரவு: ஹஜ் காபிலா பாலைக்குள் இறங்கிய விதம்

இலங்கை முஸ்லிம்களாகிய நாம் இப்னு பதூதாவை ஒரேயொரு பக்கத்தில்தான் சந்தித்துப் பழகியிருக்கிறோம். 1344இல் புத்தளக் கரையில் இறங்கினார், ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார், பாவாத மலைக்கு ஏறினார். பாடப்புத்தகமும் அதைத்தான் சொல்கிறது, மீலாத் விழாக் கட்டுரைப் போட்டிகளும் அதோடு நின்றுகொள்கின்றன. அவருடைய றிஹ்லாவில் அதற்குப் பதினெட்டு வருடங்களுக்கு முந்திய ஒரு பகுதி இருக்கிறது. 1326இல், இருபத்திரண்டு வயது வாலிபராக, டமஸ்கஸிலிருந்து மதீனாவுக்குப் பாலைவன வழியில் அவர் போன பகுதி அது. அதை நான் பல தடவை வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் என்னை நிறுத்தி வைப்பது பயணத்தின் நடுவோ முடிவோ அல்ல, அதன் தொடக்கம்தான்.

பாலைவனப் பயணம் என்றவுடன் நமக்கு மனசில் வருவது ஒரு தனி மனிதன், ஒரு ஒட்டகம், மணல் மேடு. சினிமாவும் சித்திரப் புத்தகமும் பழக்கிய படம் அது. றிஹ்லாவில் அப்படி ஒன்றும் இல்லை. அங்கே புறப்படுவதென்பது ஒரு ஊர் முழுக்கச் சேர்ந்து, பல நாள் எடுத்து, பல இடத்தில் நின்று நின்று செய்கிற காரியம். காபிலா ஒரு தடவை அல்ல, நான்கு தடவை புறப்படுகிறது என்றே சொல்லலாம். இந்தக் கட்டுரையில் நான் காட்ட விரும்புவது அதைத்தான்.

கைச்செலவு முடிந்த வாலிபர்

இப்னு பதூதா 1304இல் தன்ஜாவில் பிறந்தவர். 1325 ஜூன் மாதம் ஹஜ்ஜை நிய்யத்து வைத்து, துணைக்கு யாரும் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பினார். எகிப்துக்கு வந்து, நைல் நதியோடு தெற்கே போய், செங்கடல் கரையில் இருந்த ஐதாப் துறையில் கப்பலேறப் பார்த்தார். அந்த நேரம் அங்கே பெஜா மக்களின் தலைவருக்கும் மம்லூக் படைக்கும் சண்டை. கப்பல்களை மூழ்கடித்துவிட்டார்கள். வந்த வழியே கெய்ரோவுக்குத் திரும்பி, ஷாம் தேசத்தின் வழியாகப் போவோம் என்று டமஸ்கஸுக்கு வந்து சேர்ந்தார். அப்போது ஹிஜ்ரி 726, ரமழான் மாதம்.

டமஸ்கஸில் அவருக்குக் காய்ச்சல் பிடித்தது. மாலிகி மத்ஹபின் ஆசிரியரான நூருத்தீன் ஸகாவி என்பவர் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். பெருநாள் வந்தது, காபிலா கிளம்பும் நாளும் வந்தது, கையிலே காசு இல்லை. நூருத்தீன் அவருக்கு ஒட்டகம் வாடகைக்கு எடுத்துக் கொடுத்தார், வழிச் சாப்பாட்டுக்கு வேண்டியதைக் கொடுத்தார், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பணமும் கொடுத்தார். உலகம் சுற்றிய மனிதர் என்று நாம் கொண்டாடுகிறவரின் முதல் பாலைவனப் பயணம் இன்னொருவரின் காசில்தான் தொடங்கியது.

இது தனி மனிதர் ஒருவரின் நல்ல மனசு மட்டுமல்ல. அந்த நகரத்தில் இருந்த வக்புகளை இப்னு பதூதா வரிசையாகச் சொல்லுகிறார். ஹஜ்ஜுக்குப் போக இயலாதவர்களுக்காகப் பிறரை அனுப்பி வைக்க ஒரு வக்பு. வழிப்போக்கருக்கு உணவும் உடையும் ஊருக்குத் திரும்பும் செலவும் கொடுக்க ஒரு வக்பு. பாதைகளைச் செப்பனிட இன்னொன்று. ஒட்டகத்தை எழுப்ப முன்னமே ஒரு நகரம் பயணத்துக்குப் பணம் எடுத்து வைத்திருந்தது.

இவ்விடத்தில் ஆய்வாளர்கள் எழுப்பும் ஒரு கேள்வியையும் சொல்லிவிட வேண்டும். றிஹ்லா 1355இல் ஃபாஸ் நகரில் இப்னு பதூதா சொல்ல, இப்னு ஜுஸய் என்பவர் எழுதி முடித்த நூல். டமஸ்கஸ் நகர வர்ணனையில் ஒரு நல்ல பங்கு, 1184இல் அங்கு வந்த இப்னு ஜுபைரின் நூலிலிருந்து எடுத்தது என்பது தெரிந்த விஷயம். அப்படியானால் பாதை பற்றிய பகுதியை நம்பலாமா என்று கேட்பீர்கள். டமஸ்கஸ்-மதீனா வழியில் இப்னு ஜுபைர் போனதில்லை. அவர் ஐதாபிலிருந்து கடல் கடந்து ஜித்தாவுக்குப் போனவர், திரும்பும்போது மதீனாவிலிருந்து ஈராக் பக்கமாகப் போனவர். ஆகவே இனி நாம் பார்க்கப் போகிற தரிப்பிடங்களை அவரிடமிருந்து எடுத்திருக்க முடியாது.

நான்கு புறப்பாடுகள்

ஷவ்வால் பிறை கண்டதும் காபிலா டமஸ்கஸை விட்டது. 1326 செப்டம்பர் தொடக்கம். இப்னு பதூதா அஜாரிமா என்ற அரபுக் கோத்திரத்தோடு சேர்ந்து போனார். முதல் நாள் எவ்வளவு தூரம் போனார்கள் என்று நினைக்கிறீர்கள்? நகரத்துக்குத் தெற்கே பக்கத்தில் இருக்கும் கிஸ்வா கிராமம் வரைக்கும்தான். அதோடு இறங்கிப் படுத்துவிட்டார்கள். வீட்டில் எதையாவது விட்டு வந்தவன் ஓடிப்போய் எடுத்து வரலாம். சுமை சரியாகக் கட்டாதவன் அவிழ்த்துக் கட்டலாம். இது முதல் புறப்பாடு.

பிறகு ஸனமைன், ஸுர்ஆ ஊர்களைத் தாண்டி புஸ்ரா. நபி (ஸல்) அவர்கள் கதீஜா நாயகியின் வியாபாரத்துக்காக வந்த ஊர் என்று நாம் அறிந்திருக்கும் அதே புஸ்ராதான். அங்கே காபிலா நான்கு நாள் நின்றது. ஏன் நின்றது என்று இப்னு பதூதாவே காரணம் சொல்லுகிறார்: டமஸ்கஸில் வேலை முடியாமல் பின்தங்கியவர்கள் வந்து சேர்ந்துகொள்வதற்காக. அது வழக்கமாகவே இருந்தது. ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக நின்றதல்ல.

அங்கிருந்து ஸீஸா குளத்தில் ஒரு நாள், பிறகு லஜ்ஜூன், பிறகு கரக் கோட்டை. கரக் நகருக்கு வெளியே தனிய்யா என்ற இடத்தில் மறுபடி நான்கு நாள். இந்தத் தடவை காரணம் வேறு. பாலைக்குள் இறங்க ஆயத்தம் செய்யத்தான் இந்த நான்கு நாளும். சந்தையும் சாமானும் உள்ள கடைசிப் பெரிய ஊர்ப் பக்கம் அது. அதற்குப் பிறகு மஆன், ஷாம் தேசத்தின் எல்லை. மஆனைத் தாண்டி அகபதுஸ் ஸவ்வான் என்ற இறக்கத்தால் இறங்கினால் பாலைவனம். அதற்குள் போவதை மரணத்தோடும் வெளியே வருவதைப் பிறப்போடும் ஒப்பிட்டு மக்கள் பேசிக்கொண்டார்கள்.

இறங்கிய பிறகு தபூக். இங்கே ஹாஜிகள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். தபூக்கை நெருங்கியதும் ஆயுதத்தைக் கையில் எடுத்து, வாளை உருவி, பேரீச்ச மரங்களை வெட்டுவது போல வெட்டிக்கொண்டு ஊருக்குள் பாய்வார்கள். நபியவர்கள் இப்படித்தான் தபூக்கில் நுழைந்தார்கள் என்பது அவர்களது நம்பிக்கை. மாதக்கணக்காக நடக்கிற சனத்துக்கு நடுவில் இப்படி ஒரு உற்சாகம் வேண்டியிருந்தது போல. பிறகு இங்கேயும் நான்கு நாள் தரிப்பு. தபூக்குக்கும் அல்-உலாவுக்கும் நடுவில் கிடக்கும் கொடும் பாலைக்குத் தண்ணீர் பிடிக்கத்தான் இந்த நிற்பு.

தண்ணீர் பிடித்த முறையையும் அவர் விளக்குகிறார். ஊற்றைச் சுற்றித் தண்ணீர்க்காரர்கள் எருமைத் தோலில் தைத்த பெரிய தொட்டிகளை வைத்திருப்பார்கள். ஒட்டகங்களுக்குத் தண்ணீர் காட்டுவதும் தோல் துருத்திகளை நிரப்புவதும் அவற்றிலிருந்துதான். அமீர்மாருக்கும் பெரிய மனிதர்களுக்கும் சொந்தத் தொட்டி உண்டு. மற்றவர்கள் தண்ணீர்க்காரரிடம் இவ்வளவு திர்ஹம் என்று பேசிக்கொள்ள வேண்டும். தொட்டி ஊற்றுக்குப் பக்கத்தில் இருந்தாலும் தண்ணீருக்கு விலை இருந்தது.

தபூக்கை விட்டதும் காபிலாவின் குணமே மாறிவிடுகிறது. இரவும் பகலும் ஓட்டம். நிற்பதில்லை. வழியில் உகைதிர் என்ற பள்ளத்தாக்கு. ஒரு வருடம் அங்கே அனல் காற்று அடித்துத் தண்ணீரெல்லாம் வற்றிப்போய், ஒரு மிடறு தண்ணீர் ஆயிரம் தீனாருக்கு ஏறி, விற்றவனும் செத்தான், வாங்கினவனும் செத்தான் என்று அங்குள்ள பாறையில் எழுதி வைத்திருந்ததாம். அடுத்து ஸமூத் கூட்டத்தாரின் ஹிஜ்ர் பகுதி. தபூக் யுத்தத்துக்குப் போகும்போது அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க வேண்டாமென்று நபியவர்கள் தடுத்திருந்ததால், நா வரண்டு போயிருந்தும் காபிலாவில் ஒருவரும் அதைத் தொடவில்லை. பிறகுதான் அல்-உலா, ஆறுதல்.

இப்போது கணக்குப் பாருங்கள். புஸ்ராவில் 4 நாள், கரக்கில் 4 நாள், தபூக்கில் 4 நாள். அல்-உலாவுக்கு முன் மூன்று இடத்தில் மொத்தம் 12 நாள் சும்மா நின்றிருக்கிறார்கள். டமஸ்கஸிலிருந்து மதீனா சுமார் 1,300 கிலோமீற்றர். ஹஜ் நாளோ பிறைக் கணக்கில் பிந்தாமல் வந்துவிடும். காலம் நெருக்குகிற பயணத்தில் பன்னிரண்டு நாளை நிற்பதற்குக் கொடுக்கிறார்கள் என்றால் அது சோம்பல் அல்ல. உள்ளே இறங்கிய பிறகு ஒருவருக்காகவும் நிற்க முடியாது. நின்றால் எல்லோருக்கும் தண்ணீர் முடிந்துவிடும். ஆகவே நிற்க முடியாத இடத்துக்குப் போக முன்னமே, நிற்கக்கூடிய இடங்களில் நின்று முடித்துக்கொள்கிறார்கள். பிந்தி வருபவன் வந்து சேருகிறான். இயலாதவன் திரும்பிப் போகலாம், கரக்கிலிருந்து திரும்பினால் யாரும் கேலி செய்யப் போவதில்லை. புதியவன் ஒட்டகத்தின் நடைக்கும் இரவுப் பயணத்துக்கும் பழகிக்கொள்கிறான். கடைசி இரண்டும் றிஹ்லா சொல்லாதவை, என் வாசிப்பு. முதலாவது இப்னு பதூதாவின் சொந்த வாக்குமூலம்.

நடந்து போனவர்கள்

ஒட்டகம் உள்ளவன் கதை இது. நடந்து போனவன் கதை என்ன?

இதற்கு நாம் குர்ஆனிலிருந்தே தொடங்கலாம். ஸூரதுல் பகராவின் 197ஆவது வசனம் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வழிக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும்படி கட்டளையிடுகிறது. யெமன் நாட்டவர் சிலர் தவக்குல் வைத்திருக்கிறோம் என்று சொல்லி வெறுங்கையோடு புறப்பட்டு, மக்காவுக்கு வந்து சனங்களிடம் கையேந்தினார்கள், அதன் மேல்தான் இந்த வசனம் இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரழி) அறிவித்ததை புகாரி பதிவு செய்திருக்கிறார். கட்டுச்சோறு இல்லாமல் பாலைக்குப் புறப்படுவதை மார்க்கம் பக்தி என்று எடுத்துக்கொள்ளவில்லை.

அதே நேரம் தபூக் யுத்தத்தைப் பற்றிய ஸூரதுத் தவ்பாவின் 92ஆவது வசனத்தையும் பாருங்கள். ஹிஜ்ரி 9இல், கடும் வெயிலில், அந்த நீண்ட பாலைப் பயணம் புறப்பட்டபோது வாகனம் கேட்டு வந்த ஏழை ஸஹாபாக்கள் சிலர் உண்டு. கொடுக்க வாகனம் இல்லை. கண்ணில் நீர் வடியத் திரும்பிப் போனார்கள். குர்ஆன் அவர்கள் மேல் குற்றமில்லை என்கிறது. புறப்பட இயலாமல் போனவனுக்கும் வசனத்தில் இடம் கிடைத்திருக்கிறது.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் காபிலாவின் ஏற்பாடுகளை வைத்துப் பார்க்க வேண்டும். ஹஜ் முடிந்த பின் இப்னு பதூதா ஈராக் காபிலாவோடு பக்தாத் பக்கம் போனார். அந்தக் காபிலாவில் ஏழைகளுக்குத் தண்ணீர் சுமக்கவென்றே ஒட்டகங்கள் இருந்தன. தர்ம உணவையும், நோயாளிக்கு மருந்தையும் சீனியையும் சுமக்க வேறு ஒட்டகங்கள். தரித்த இடமெல்லாம் பெரிய செம்புக் கிடாரங்களில் சமைத்துக் கட்டுச்சோறு இல்லாதவர்களுக்குப் பரிமாறினார்கள். நடக்க இயலாமல் போனவனை ஏற்றிக்கொள்ள வெறும் ஒட்டகங்களும் கூடவே வந்தன. செலவு ஈராக் சுல்தான் அபூ ஸஈதின் தர்மத்திலிருந்து.

ஐந்நூற்றைம்பது வருடம் கழித்தும் நடந்தவர்கள்தான் அதிகம். 1876 நவம்பரில் டமஸ்கஸுக்குத் தெற்கே முஸைரீப் என்ற இடத்திலிருந்து கிளம்பிய ஹஜ் காபிலாவோடு சார்ள்ஸ் டவுட்டி என்ற ஆங்கிலேயர் மதாயின் ஸாலிஹ் வரை போனார். அவர் கணக்கில் ஆறாயிரம் பேர், அதில் பாதிக்கு மேல் கால்நடையாக வந்த வேலைக்காரர்கள். ஒட்டகக்காரன், கூடாரம் அடிக்கிறவன், சமையல்காரன், விளக்குப் பிடிக்கிறவன். ஹாஜியார் ஒருவர் சிவிகையில் போவதற்கு எத்தனை சோடிக் கால்கள் மணலில் நடந்தன என்பதை ஹஜ் வரலாறு எழுதுகிற நாம் அதிகம் பேசுவதில்லை.

முஸைரீபும் அதே பழைய முறைதான். உஸ்மானியர் காலத்தில் டமஸ்கஸிலிருந்து வந்த ஹாஜிகள் அங்கே கூடி, சந்தையில் சாமான் வாங்கி, பிந்தினவர்கள் வரும் வரை நாட்கணக்கில் நின்றுதான் கிளம்பினார்கள். தண்ணீர் உள்ள இடங்களில் 16ஆம் நூற்றாண்டிலிருந்தே கோட்டைகள் கட்டிக் காவல் போட்டிருந்தார்கள். 1900இல் ஹிஜாஸ் ரயில் பாதை வேலை ஆரம்பித்து 1908இல் ரயில் மதீனாவைத் தொட்டது. பெரும்பாலும் அதே ஹாஜிகள் வழியை ஒட்டித்தான் தண்டவாளம் போட்டார்கள். நாற்பது நாள் வழி சில நாள் வழியானது. அதோடு புஸ்ராவில் நிற்கிற வழக்கத்துக்கும் முஸைரீபில் கூடுகிற வழக்கத்துக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

பின்தங்கினவனுக்கு நடந்தது

நிற்பதன் பெறுமதியை இப்னு பதூதாவே தன் கடைசிப் பெரிய பயணத்தில் கண்டுகொண்டார். 1352 பெப்ரவரியில், ஹிஜ்ரி 753 முஹர்ரம் முதல் நாள், மொரோக்கோவின் சிஜில்மாஸாவிலிருந்து ஸஹாராவைக் கடந்து மாலி நாட்டுக்குக் கிளம்பினார். அதற்கு முன் ஒட்டகம் வாங்கி நான்கு மாதம் அவற்றுக்குத் தீனி போட்டு வளர்த்திருக்கிறார். டமஸ்கஸில் காய்ச்சலோடு காசில்லாமல் கிடந்த வாலிபருக்கும் இவருக்கும் எவ்வளவு தூரம்!

இருபத்தைந்து நாளில் தகாஸா. உப்புக் கட்டியால் வீடு கட்டி வாழ்கிற ஊர். அதற்கு அப்பால் தண்ணீர் இல்லாப் பாலை. அந்த வழியில் காபிலாவுக்கு முன்னால் போய்த் தீனி மேய்ப்பது அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. ஒருநாள் இப்னு ஸீரி என்பவர் தன் உறவினரோடு வாய்த்தர்க்கப்பட்டு, கோபத்தில் பின்தங்கிவிட்டார். காபிலா இறங்கியபோது ஆள் இல்லை. தடம் பார்க்கத் தெரிந்த மஸூஃபா ஆள் ஒருவரைக் கூலிக்குப் பிடித்துத் தேடும்படி உறவினரிடம் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். மறுநாள் மஸூஃபா ஆள் ஒருவர் கூலி வாங்காமலே தேடப் போனார். தடம் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அதன் பிறகு தான் காபிலாவை முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை என்ற கருத்தில் இப்னு பதூதா எழுதுகிறார். எத்தனையோ பாலைகளைக் கண்ட மனிதர் நாற்பத்தெட்டு வயதில் படித்த பாடம் அது.

எங்கட ஊர்களில்

இந்த இரண்டு பாலைப் பயணங்களுக்கும் நடுவில்தான் நம் நாட்டுக்கு வந்தார். பாவாத மலைக்குப் புறப்பட ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கு கொடுத்தார். வருடா வருடம் மலைக்குப் போய்ப் பழகிய 4 யோகிகள், 3 பிராமணர்கள், தன் ஆட்கள் 10 பேர், சாப்பாடு சுமக்க 15 பேர். தண்ணீர் சுமக்க ஆள் போடவில்லை. அந்த வழியெல்லாம் தண்ணீர்தான் என்று எழுதுகிறார். தபூக்கின் எருமைத் தோல் தொட்டியைக் கண்டவன் எழுதுகிற வரி அது. நாம் அதை இதுவரை சாதாரணமாகத்தான் வாசித்து வந்திருக்கிறோம்.

நமக்குப் பாலை இல்லை. ஆனால் பாலைப் பயணத்தின் பழைய ஒழுங்கில் ஒரு பங்கு நம்மிடம் தங்கியிருக்கிறது. ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாக ஏறி "பயணம் சொல்ல வந்தேன், மாப்புத் தாங்க" எண்டு கேக்கிறது, கொடுக்கல் வாங்கலை முடிக்கிறது, வஸிய்யத்து எழுதி வைக்கிறது எல்லாம் உயிரோடு திரும்புவது நிச்சயமில்லாத காலத்தின் வழக்கங்கள். மனஸ்தாபம் உள்ள வீட்டுக்குத்தான் முதல்ல போகணும் எண்டு என் வாப்பும்மா சொல்லுவா. இனிப்பான வீட்டுக்கு எப்பவும் போகலாமாம். இப்போது பயணம் சொல்லுவது ஃபோனில் ஒரே செய்தியாக நூறு பேருக்குப் போகிறது. குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் மனஸ்தாபம் உள்ள வீட்டுப் படியில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருந்ததே, அந்த நிற்பு அதில் இல்லை.

நான் ஹஜ் செய்த வருடம், முஸ்தலிபாவில் எங்கள் குழுவின் பஸ் கிளம்பும் நேரம் ஒரு வயோதிப உம்மாவும் அவவின் மகனும் பின்தங்கிவிட்டார்கள். கழிப்பறை வரிசையில் நின்றவர்கள். ஐந்து நிமிடம் பொறுங்க என்று சிலர் சத்தம் போட்டோம். நடத்தினவர்கள் பொறுக்கவில்லை. நேரம் போய்விடும் என்றார்கள். அல்லாஹ்வின் உதவியால் வேறொரு நாட்டுக் குழு அவர்களைக் கூட்டி வந்து சேர்த்தது. அன்றைக்கு எனக்கு நினைவு வந்தது புஸ்ராவின் நான்கு நாள். தாகத்தால் சாகக்கூடிய வழியில் போனவர்கள் பிந்தினவனுக்கு நான்கு நாள் கொடுத்தார்கள். குளிரூட்டிய பஸ்ஸில் போன எங்களிடம் ஐந்து நிமிடம் இருக்கவில்லை.

வேகம் கூடினது நிஃமத்துதான். யாரும் மறுபடி நாற்பது நாள் ஒட்டகத்தில் போக வேண்டியதில்லை. ஆனால் காபிலா நின்ற இடங்களில்தான் அதன் தர்மம் இருந்தது. அது போகும் வேகத்தைப் பலமானவன் முடிவு செய்தான், புறப்படும் நாளைப் பின்தங்கியவன் முடிவு செய்தான். ஹஜ் குழுக்களை நடத்துகிறவர்களும் பள்ளி நிர்வாகிகளும் இதை ஒரு பழங்கதையாக அல்ல, ஒரு சட்டமாக எடுத்து வாசிக்கலாம்.

ஆய்வு செய்கிற இளையவர்களிடம் ஒரு வேண்டுகோள். கப்பலில் ஹஜ்ஜுக்குப் போன நம் மூத்த தலைமுறையில் மிகச் சிலரே மிஞ்சியிருப்பார்கள். அவர்களிடம் போனால் மக்காவில் என்ன கண்டீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். அதைப் பலர் எழுதிவிட்டார்கள். எப்படிப் புறப்பட்டீர்கள் என்று கேளுங்கள். காசு யார் கொடுத்தார்கள், எந்த ஊரில் எத்தனை நாள் நின்றீர்கள், யாருக்காக நின்றீர்கள், யார் உங்களுக்காக நின்றார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். வல்லாஹு அஃலம்.